வோல்டேஜ் வகுத்தல் கரண்ட்: கணக்கு எளிது, எந்த வோல்டேஜ் என்பதில்தான் சிக்கல்

230 வோல்ட், 60 வாட் என்று அச்சிட்ட பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்து, மல்டிமீட்டரை ஓம் ரேஞ்சில் வைத்து அதன் இரு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 60, 65 ஓம் என்று ஏதாவது காட்டும். அந்த 65-ஐ நம்பிக் கணக்குப் போட்டால், 230-ஐ 65-ஆல் வகுக்க மூன்றரை ஆம்பியர் வருகிறது; அதை 230-ஆல் பெருக்கினால் 800 வாட்டைத் தாண்டிவிடுகிறது. 60 வாட் பல்பு எப்படி 800 வாட் இழுக்கும்?

மீட்டர் சரியாகத்தான் காட்டியது, சூத்திரமும் சரிதான். ஆறிக் கிடக்கும் இழையின் தடையை எடுத்து, வெள்ளை வெளேரென்று தகிக்கும் இழையின் கணக்கில் போட்டதுதான் பிழை. எரியும்போது அந்த பல்பு இழுப்பது 0.26 ஆம்பியர். 230-ஐ 0.26-ஆல் வகுத்துப் பாருங்கள்: 880 ஓமுக்குப் பக்கத்தில் வரும். டங்ஸ்டன் இழை சூடேறும்போது அதன் தடை பத்துப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. அதற்காக அந்த 65 ஓம் வீணான எண் என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்விட்சைப் போட்ட முதல் கணத்தில் பல்புக்குள் பாயும் மின்னோட்டத்தை அதுதான் சொல்கிறது. குண்டு பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்ச் போடும் நொடியில் 'டப்'பென்று போவதற்கும் அந்தப் பாய்ச்சலே காரணம்.

மின்தடையையும் மின்திறனையும் கண்டுபிடிக்கப் பள்ளிப் பாடத்தில் வரும் இரண்டு வரிகள் போதும்:

மின்தடை (ஓம்) = மின்னழுத்தம் (வோல்ட்) ÷ மின்னோட்டம் (ஆம்பியர்)
மின்திறன் (வாட்) = மின்னழுத்தம் (வோல்ட்) × மின்னோட்டம் (ஆம்பியர்)

ஒரு வகுத்தல், ஒரு பெருக்கல். தப்பு வருவது இந்த வரிகளில் போடும் எண்களில். வகுக்கும் வோல்டேஜும் கரண்டும் ஒரே பொருளுக்கு உரியவையா, ஒரே நேரத்தில் எடுத்தவையா, அது வேலை செய்துகொண்டிருந்த நிலையில் எடுத்தவையா? இந்த மூன்றும் சரியாக இருந்தால் விடை நிற்கும்.

சிக்கலில்லாத ஒன்றை முதலில் பார்த்துவிடலாம். தண்ணீர் சூடாக்கும் ஹீட்டர் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதன் முனைகளில் 228.4 வோல்ட், அதன் வழியே 8.64 ஆம்பியர். தடை 26.4 ஓம், திறன் 1973 வாட். மேலே 2000 வாட் என்று எழுதியிருக்கிறதே என்று கேட்டால், அது 230 வோல்ட்டுக்கு எழுதியது. இதே 26.4 ஓமுக்கு 230 கொடுத்தால் 2000 வாட் வந்துவிடும். ஹீட்டருக்குள் சூடாகும் நைக்ரோம் கம்பியின் தடை சூட்டில் நான்கைந்து சதவீதம்தான் மாறும். அதனால் ஹீட்டரை ஆறிய நிலையில் ஓம் மீட்டரால் அளந்தாலும் ஏறக்குறைய இதே விடை கிடைக்கும். குண்டு பல்புக்கு இந்தச் சலுகை கிடையாது.

அலகில் சறுக்குவது இன்னொரு வகை. 9 வோல்ட், 15 மில்லி ஆம்பியர் என்று இருக்கும்போது 9-ஐ 15-ஆல் வகுத்து 0.6 ஓம் என்று எழுதுபவர்கள் ஏராளம். வந்தது 0.6 கிலோ ஓம், அதாவது 600 ஓம். எலக்ட்ரானிக்ஸ் வேலையில் ஒவ்வொரு முறையும் ஆம்பியராக மாற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் கிலோ ஓம். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் மில்லி வாட். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் பூஜ்ஜியங்களோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

ஓமுக்கே நடந்த பிழை

இந்த விதியைக் கண்ட கியார்க் சைமன் ஓமுக்கே முதல் முயற்சி கைகூடவில்லை. 1825-இல் அவர் வெளியிட்ட முடிவில் இன்று நாம் படிக்கும் நேர்விகிதம் இல்லை; மடக்கை (லாகரிதம்) வைத்த ஒரு சூத்திரம் இருந்தது. காரணம் அவருடைய மின்கலம். அன்றைய வோல்டா கலங்களில் மின்னோட்டம் எடுக்க எடுக்க மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போகும். கம்பியை மாற்றும்போது மாறியது கம்பி மட்டும் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்க, அழுத்தமும் கூடவே மாறிக்கொண்டிருந்தது. நாம் மேலே கேட்ட 'ஒரே நேரத்தில் எடுத்தவையா' என்ற கேள்வி இதுதான்.

பிறகு இயற்பியலாளர் பொகண்டார்ஃப் சொன்ன யோசனைப்படி, வெப்பநிலை வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தம் தரும் வெப்பமின் இணைப்புக்கு, 1821-இல் சீபெக் கண்டறிந்ததற்கு, மாறினார் ஓம். பிஸ்மத்தும் செம்பும் இணையும் ஒரு முனை கொதிக்கும் நீரில், மற்றொரு முனை உருகும் பனிக்கட்டியில். இரண்டு வெப்பநிலையும் அசையாது என்பதால் அழுத்தமும் அசையவில்லை. 1826-இல் சரியான உறவு கிடைத்தது. 1827-இல் நூலாக வந்தது. அந்த 1826 சமன்பாட்டின் கீழ்ப்பகுதியில் சோதனைக் கம்பியின் நீளத்தோடு இன்னொரு மாறா எண்ணும் கூட்டப்பட்டிருந்தது. சுற்றின் மீதிப் பகுதி முழுவதும் போடும் தடை அது. இன்று பேட்டரியின் உள்தடை என்று நாம் தனியாகப் படிப்பது, பிறந்த நாளிலேயே அந்த விதிக்குள் இருந்தது.

அந்த உள்தடையையும் இதே வகுத்தலால் எடுத்துவிடலாம். லோடு, அதாவது மின்சாரம் இழுக்கும் பொருள், இல்லாதபோது ஒரு பேட்டரி 12.60 வோல்ட் காட்டுகிறது. 10 ஆம்பியர் எடுக்கும்போது 12.10-க்கு இறங்குகிறது. இறங்கியது 0.50 வோல்ட், 10-ஆல் வகுத்தால் 0.05 ஓம். வெளியே இருக்கும் லோடின் தடை வேண்டுமென்றால் 12.10-ஐத்தான் 10-ஆல் வகுக்க வேண்டும், 1.21 ஓம். இங்கே 12.60-ஐப் போட்டு 1.26 என்று எழுதினால், பேட்டரிக்குள் இருப்பதையும் லோடின் தலையில் கட்டிவிட்டோம் என்று பொருள்.

தடை கூடினால் சூடு கூடுமா, குறையுமா?

திறனுக்கு மூன்று வடிவங்கள் புழக்கத்தில் உண்டு. அழுத்தம் × ஓட்டம் என்பது ஒன்று. அழுத்தத்துக்குப் பதிலாக ஓட்டம் × தடை என்று போட்டால், ஓட்டத்தின் வர்க்கம் × தடை. ஓட்டத்துக்குப் பதிலாக அழுத்தம் ÷ தடை என்று போட்டால், அழுத்தத்தின் வர்க்கம் ÷ தடை. கம்பியில் எழும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை ஜேம்ஸ் ஜூல் அளந்து 1841-இல் வெளியிட்டார்.

இவற்றைப் பார்த்ததும் குழப்பம் வரும். இரண்டாவது வடிவத்தில் தடை பெருக்கலில் இருக்கிறது: தடை கூடினால் திறன் கூடும். மூன்றாவதில் வகுத்தலில் இருக்கிறது: தடை கூடினால் திறன் குறையும். எது உண்மை? இரண்டும்தான். எதை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. சுவர் சாக்கெட்டில் செருகும் பொருள்களுக்கு அழுத்தம் ஏறக்குறைய நிலையானது. அங்கே தடை குறைந்த ஹீட்டர்தான் அதிக வாட் இழுக்கும். தொடர் இணைப்பில் எல்லாவற்றின் வழியும் ஓடுவது ஒரே மின்னோட்டம். அங்கே தடை அதிகமுள்ள பொருள் அதிகம் சூடாகும்.

100 வாட், 40 வாட் குண்டு பல்புகள் இரண்டையும் தொடர் இணைப்பில் போட்டு 230 வோல்ட் கொடுத்தால் எது பிரகாசமாக எரியும்? 100 என்று பட்டென்று சொல்லத் தோன்றும். கணக்கைப் பாருங்கள். 100 வாட் பல்பின் தடை 230-இன் வர்க்கத்தை 100-ஆல் வகுக்க 529 ஓம். 40 வாட் பல்புக்கு 1322.5 ஓம். கூட்டினால் 1851.5. மின்னோட்டம் 0.124 ஆம்பியர். இப்போது 40 வாட் பல்பில் செலவாவது 20.4 வாட், 100 வாட் பல்பில் 8.2 வாட். சின்ன பல்பு எரியும், பெரிய பல்பு மினுங்கலாம் அல்லது அதுவும் இல்லாமல் கிடக்கலாம். நிஜத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகவே இருக்கும். 100 வாட் இழை சூடேறாமல் இருப்பதால் அதன் தடை 529-ஐ எட்டவே எட்டாது. கிடைக்கும் அழுத்தத்தில் பெரும்பங்கை 40 வாட் பல்பே எடுத்துக்கொள்ளும்.

வர்க்கம் என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 2000 வாட் ஹீட்டருக்கு வரும் அழுத்தம் 10 சதவீதம் குறைந்து 207 வோல்ட் ஆனால், திறன் 10 சதவீதம் அல்ல, 19 சதவீதம் குறைந்து 1620 வாட் ஆகிவிடும்.

ஆனால் அன்றாட வாழ்வில் அதிகச் சேதம் செய்வது ஓட்டத்தின் வர்க்கம்தான், அதுவும் லூஸ் கனெக்‌ஷனில். பிளக்கின் பின் ஒன்று சாக்கெட்டுக்குள் இறுக்கமாக உட்காராமல் 0.1 ஓம் தொடுதடை உண்டாகிவிட்டது என்று வையுங்கள். 15 ஆம்பியர் ஓடும்போது அங்கே இழக்கும் அழுத்தம் ஒன்றரை வோல்ட். 230-இல் ஒன்றரை போனால் ஹீட்டருக்குத் தெரியவே தெரியாது. ஆனால் 15-இன் வர்க்கம் 225, அதை 0.1-ஆல் பெருக்கினால் 22.5 வாட். மின்னணு வேலைக்குப் பிடிக்கும் சிறிய சால்டரிங் அயர்ன் 25 வாட். ஏறக்குறைய ஒரு சால்டரிங் அயர்னைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிட்ட மாதிரி. பின் கறுக்கும், பிளாஸ்டிக் இளகும், பிடிப்பு இன்னும் தளரும், தடை இன்னும் ஏறும். ஃபியூஸ் போகாது, பிரேக்கர் விழாது. மின்னோட்டம் ஒரு துளிகூடக் கூடவில்லையே, அவற்றுக்கு எப்படித் தெரியும்? பிளக்கைத் தொட்டுப் பார்த்தால் கை சொல்லிவிடும்.

வயரிலும் இதே கதைதான், வெப்பம் நீளம் முழுவதும் பரவிப் போவதால் பயம் குறைவு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயருக்கு 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓம் வரை தடை இருக்கும். 20 மீட்டர் தூரத்தில் இருக்கும் லோடுக்கு 20 மீட்டரைப் போட்டால் விடை பாதிதான் வரும். போன மின்னோட்டம் திரும்பி வர வேண்டும், எனவே 40 மீட்டர். தடை 0.296 ஓம், 16 ஆம்பியரில் 4.7 வோல்ட் வழியிலேயே போய்விடும், 76 வாட் வயரில் வெப்பமாகும்.

அளக்கும் கருவியும் சுற்றின் ஒரு பகுதி

வோல்ட்மீட்டர், அம்மீட்டர் இரண்டையும் ஒரே நேரத்தில் இணைத்துத் தடையை அளக்கும்போது, வோல்ட்மீட்டரை எங்கே தொடுவது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. அம்மீட்டரையும் ரெசிஸ்டரையும் சேர்த்து இரண்டுக்கும் குறுக்கே தொடலாம். ரெசிஸ்டருக்கு மட்டும் குறுக்கே தொடலாம். இரண்டிலும் ஒரு பிழை உண்டு.

முதல் வழியில், அம்மீட்டரில் இழக்கும் அழுத்தத்தையும் வோல்ட்மீட்டர் சேர்த்துக் காட்டும். அம்மீட்டரின் உள்தடை 0.5 ஓம், அளப்பது 2 ஓம் என்றால் விடை 2.5 ஓம். 25 சதவீதப் பிழை! அதே வழியில் 1 மெகா ஓம் அளந்தால் அந்த அரை ஓம் கணக்கிலேயே வராது. இரண்டாவது வழியில், வோல்ட்மீட்டர் வழியே கசியும் மின்னோட்டத்தை அம்மீட்டர் சேர்த்து எண்ணிவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டர்கள் பலவற்றின் உள்தடை 10 மெகா ஓம். அதை வைத்து 1 மெகா ஓம் ரெசிஸ்டரை அளந்தால் 0.909 மெகா ஓம் என்று வரும். 2 ஓமுக்கு இந்தப் பிழை துளியும் தெரியாது.

ஆக, சிறிய தடைக்கு வோல்ட்மீட்டரை நேரே ரெசிஸ்டரின் கால்களில் தொடுங்கள். பெரிய தடைக்கு அம்மீட்டரையும் உள்ளடக்கித் தொடுங்கள். சிறியது, பெரியது என்பதற்கு எல்லை எங்கே? இரு மீட்டர்களின் உள்தடைகளையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 0.5 ஓமும் 10 மெகா ஓமும் என்றால் 2236 ஓம்.

ஒரு ஓமுக்குக் கீழே போனால் மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சை நம்பாதீர்கள். இரண்டு புரோப்களையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அது வயருக்கும் தொடுமுனைக்கும் உரியது. அங்கே நான்கு வயர் முறைதான் சரி. ஒரு ஜோடி வயரால் தெரிந்த அளவு மின்னோட்டத்தைச் செலுத்தி, இன்னொரு ஜோடியால் பொருளின் மீதே தொட்டு அழுத்தத்தை எடுக்க வேண்டும். இரண்டாவது ஜோடியில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லை என்பதால் அதன் தடை விடையைக் கெடுக்காது. 1 ஆம்பியர் செலுத்தி 12 மில்லி வோல்ட் வந்தால் 0.012 ஓம்.

மீட்டரைக் கெடுத்துக்கொள்ளும் வழிகளில் முதலிடம் இதற்குத்தான்: கரண்ட் அளந்துவிட்டுச் சிவப்பு புரோப்பை 10 ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு, அடுத்ததாக வோல்டேஜ் பார்க்கப் போவது. அந்தத் துளையில் உள்தடை நூறில் ஒரு பங்கு ஓம் அளவுக்குத்தான் இருக்கும். சப்ளையின் இரு முனைகளிலும் தொட்டால் நேரடி ஷார்ட். நல்ல மீட்டரில் ஃபியூஸோடு போகும். மட்டமான மீட்டரில் கையில் வெடிக்கலாம். ஓம் ரேஞ்சை மின்சாரம் ஓடும் சுற்றில் வைப்பதும் கூடாது. அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எல்இடிக்கு 'ஓம்' சொல்ல முடியாது

2 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும் சிவப்பு எல்இடி ஒன்று. வகுத்தால் 100 ஓம். இந்த எண்ணை நம்பி 1 வோல்ட் கொடுத்தால் 10 மில்லி ஆம்பியர் வருமா? ஏறக்குறைய எதுவுமே வராது. 4 வோல்ட் கொடுத்தால் 40 வருமா? எல்இடி செத்துப்போகும். 100 ஓம் என்பது அந்த ஒரு புள்ளியில் மட்டும் செல்லும் விகிதம், எல்இடியின் குணம் என்று சொல்ல முடியாது. திறன் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் சரியாக வரும்: 2 × 20 = 40 மில்லி வாட். அழுத்தம் × ஓட்டம் எந்தப் பொருளுக்கும் அந்தக் கணத்துத் திறனைச் சொல்லும். வர்க்கம் வரும் இரண்டு வடிவங்களுக்கோ அங்கே 'தடை' என்று ஒன்று இருந்தாக வேண்டும்.

12 வோல்ட்டில் இந்த எல்இடியை எரிக்க எத்தனை ஓம் ரெசிஸ்டர் போடுவது? 12-ஐ 20 மில்லி ஆம்பியரால் வகுத்து 600 என்பது தவறு. எல்இடி 2 வோல்ட் எடுத்துக்கொண்ட பிறகு ரெசிஸ்டரின் பங்குக்கு 10 வோல்ட்; 10 ÷ 20 = 0.5 கிலோ ஓம். 500 என்ற மதிப்பு வழக்கமான வரிசையில் இல்லை. 470 அல்லது 560 கிடைக்கும். 470 போட்டால் 21.3 மில்லி ஆம்பியர், ரெசிஸ்டரில் 0.21 வாட். கால் வாட் ரெசிஸ்டர் கணக்கில் தாங்கும், கையில் சுடும். இங்கே அரை வாட் போடுவதே நல்லது. கணக்கில் வந்த வாட்டைப் போல இரண்டு மடங்குள்ள ரெசிஸ்டரை எடுப்பது பழகிப்போன வழக்கம். எழுதியிருக்கும் வாட், சுற்றிலும் காற்றோட்டமாக, சூடில்லாத இடத்தில் இருக்கும்போது தாங்கும் உச்சம்; மூடிய பெட்டிக்குள் அந்த வசதி கிடையாது.

ஏசியில் இந்தப் பெருக்கல் எங்கே வழுக்குகிறது

230 வோல்ட் என்பது ஆர்எம்எஸ் மதிப்பு. அலையின் உச்சி 325. வெப்பத்தில் அதே அளவு வேலை செய்யும் டிசி எத்தனை வோல்ட் என்பதே ஆர்எம்எஸ். அதனால் ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கு டிசி மாதிரியே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

மோட்டாரில் அது நடக்காது. ஒரு வைண்டிங்கை (உள்ளே சுற்றிய கம்பிச் சுருளை) ஓம் மீட்டரில் பார்த்தால் 6 ஓம் என்று வையுங்கள். 230-ஐ 6-ஆல் வகுத்தால் 38 ஆம்பியர். ஓடும்போது 4 ஆம்பியர்தான் போகிறது. காந்தப்புலம் தரும் எதிர்ப்பும், சுழலும்போது எழும் எதிர் மின்னழுத்தமும் சேர்ந்து மீதியைத் தடுத்து நிறுத்துகின்றன. இந்தத் தடுப்பு ஓம் மீட்டரின் கண்ணில் படாது. திறனிலும் இதே நிலைதான். 230 × 4 = 920, ஆனால் அது வாட் அல்ல, வோல்ட்-ஆம்பியர். அழுத்த அலையும் ஓட்ட அலையும் ஒன்றாக ஏறி இறங்கவில்லை. வோல்ட்-ஆம்பியரில் எத்தனை பங்கு உண்மைத் திறன் என்பதைச் சொல்லும் பவர் ஃபேக்டர் 0.7 என்றால் உண்மைத் திறன் 644 வாட். அதில் வைண்டிங் கம்பியைச் சூடாக்குவது 4-இன் வர்க்கம் × 6, அதாவது 96 வாட். அந்த 6 ஓம் பயன்படும் இடம் இது.

சார்ஜர், எல்இடி பல்பு போன்றவற்றில் இன்னொரு பொறி. அவை மின்னோட்டத்தை அலை அலையாக இழுக்காமல், அழுத்தம் உச்சிக்கு வரும்போது மட்டும் கூர்மையாக உறிஞ்சுகின்றன. விலை குறைந்த மீட்டர்கள் சராசரியை அளந்து, அலை ஒழுங்கான சைன் வடிவம் என்று எண்ணி 1.11-ஆல் பெருக்கிக் காட்டும். கூர்முனை ஓட்டத்தில் இது உண்மையைவிட 30, 40 சதவீதம்கூடக் குறைவாகக் காட்டிவிடும். 'ட்ரூ ஆர்எம்எஸ்' மீட்டர் இருந்தால் ஓட்டம் சரியாகும். திறனுக்கு அதுவும் போதாது; வாட் மீட்டர்தான் வேண்டும்.

வைண்டிங் தடையைக் கொண்டு தெரிந்துகொள்ள இன்னும் ஒன்று இருக்கிறது. செம்பின் தடை டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். எனவே அதையே வெப்பமானியாக வைத்துக்கொள்ளலாம். மோட்டார் ஆறியிருக்கும்போது, 20 டிகிரியில், 6.0 ஓம், ஓட்டி நிறுத்திய உடனே 7.5 ஓம். ஆறிய வெப்பநிலையோடு செம்புக்கு உரிய மாறா எண்ணான 234.5-ஐக் கூட்டி (254.5), தடைகளின் விகிதத்தால் (1.25) பெருக்கி, மறுபடி 234.5-ஐக் கழித்தால் 83.6 டிகிரி. வெளிக்கூட்டைத் தொட்டுப் பார்த்து 'கொஞ்சம் சூடுதான்' என்று சொல்வதற்கும், உள்ளே இருக்கும் சுருளின் சராசரி வெப்பநிலைக்கும் எவ்வளவு தூரம் என்பது இதில் தெரிந்துவிடும். நிறுத்திய பிறகு தாமதித்தால் சுருள் ஆறிவிடும். புரோப்பின் சொந்தத் தடையையும் இரண்டு அளவிலும் கழித்துவிட வேண்டும். 6 ஓமில் 0.2 ஓம் தவறினால் எட்டுப் பத்து டிகிரி தவறிவிடும்.

கடைசியாக, கால்குலேட்டர் காட்டும் தசமங்கள். முதலில் பார்த்த ஹீட்டரின் 228.4-ஐ 8.64-ஆல் வகுத்தால் திரையில் 26.435185 என்று ஓடும். வோல்ட்மீட்டரில் 1 சதவீதம், அம்மீட்டரில் 2 சதவீதம் பிழை இருக்கலாம் என்றால், மோசமான நிலையில் தடையில் 3 சதவீதம், அதாவது 25.6-க்கும் 27.2-க்கும் இடையில் எங்கோ. அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கிக் கண்ட திறனிலும் அதே 3 சதவீதம்தான். தடை ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்திருந்து, ஓட்டத்தின் வர்க்கத்தைக் கொண்டு திறனைக் கண்டால், அம்மீட்டரின் 2 சதவீதம் இரட்டித்து 4 ஆகும். வோல்ட்மீட்டரை வைத்து அழுத்தத்தின் வர்க்கத்தால் கண்டால் 2 சதவீதத்தோடு நிற்கும். இந்த ஹீட்டரின் தடையை 26.4 ஓம் என்று எழுதினாலே தாராளம்.